ஒரே கணினி, இரண்டு மணி

ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நிறுவியவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. லினக்ஸில் வேலையை முடித்துவிட்டு விண்டோஸுக்கு மாறினால், காலை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 காட்டும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால்!

ஏன்?

மதர்போர்டில், காசு அளவுள்ள ஒரு பேட்டரியின் தயவில், கணினியை அணைத்தாலும் ஓடுகிற சிறு கடிகாரம் உண்டு. அதற்கு மணி தெரியும். எந்த ஊர் மணி என்று தெரியாது. லினக்ஸ் வழக்கமாக அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸோ டாஸ் காலத்துப் பழக்கப்படி அதை உள்ளூர் நேரம் என்றே படிக்கிறது. இந்திய நேரம் பொது நேரத்துக்கு 5.30 மணி முன்னால். அந்த வித்தியாசம்தான் திரையில் தெரிவது. தலைகீழாக, விண்டோஸ் எழுதிய 10 மணியை லினக்ஸ் படித்தால், இணையத்தில் சரிபார்க்கும்வரை பிற்பகல் 3.30!

யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு கட்டளை போதும். ஆனால் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ மதிப்பை 1 ஆக்குவதே மேல். கோடையில் மணியை நகர்த்தும் லண்டன் போன்ற ஊர்களில், உள்ளூர் நேரத்தில் ஓடும் கடிகாரத்தை இரண்டு சிஸ்டங்களும் ஆளுக்கொரு முறை திருத்திவிடக்கூடும்.