பெட்டைக் குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன்: எத்தனை மாசத்துல?

இந்த வாரக் கேள்வி பாளையங்கோட்டையில இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பினது. “டாக்டர், எங்க வீட்டுல கன்னி குட்டி ஒண்ணு நிக்கி. பெட்டை, அஞ்சு மாசம் ஆகுது. ஒரு டாக்டர் ஆறு மாசத்துலயே ஆபரேஷன் பண்ணிருங்கன்னு சொல்லுதாவ. இன்னொருத்தர் ஒரு ஹீட் போகட்டும்ங்காவ. பக்கத்து வீட்டு ஆச்சி, ஒரு தடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுங்காவ. நான் யார் சொல்றதைக் கேக்க?”

ஆச்சி சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். குட்டி போடுறதால பெட்டை நாய்க்கு உடம்பு ரீதியா எந்த நன்மையும் கிடையாது. அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மத்த ரெண்டு டாக்டரும் சொல்றதுல நியாயம் இருக்கு. ஏன்னு பார்ப்போம்.

சீக்கிரம் பண்ணணும்னு சொல்றவங்க நினைக்கிறது மார்புக் கட்டியை. 1969-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு இது: ஆபரேஷன் பண்ணாத பெட்டைக்கு இருக்கிற ஆபத்தை 100-ன்னு வச்சா, முதல் ஹீட்டுக்கு முன்னாடி பண்ணினா அது 0.5, ஒரு ஹீட் கழிச்சுன்னா 8, ரெண்டு ஹீட் கழிச்சுன்னா 26. நூறு நாய்ல இத்தனை நாய்க்குக் கட்டி வரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு. 2012-ல பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவங்க, ஆதாரம் அவ்வளவு வலுவா இல்லைன்னு எழுதினாங்க. ஆனாலும் ரொம்பத் தள்ளிப் போடாதீங்கன்னுதான் நானும் சொல்வேன்.

அதுக்கு இன்னொரு காரணம் கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிறது. டாக்டருங்க பயோமெட்ராம்பாங்க. ஸ்வீடன்ல காப்பீடு செஞ்ச நாய்களைப் பார்த்ததுல, கருத்தடை பண்ணாத பெட்டைகள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு 10 வயசுக்குள்ள இது வந்திருந்தது. ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல நாய் தண்ணியாக் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சிலதுக்குப் பின்னாடி நாத்தமாக் கசியும். அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும், உயிர் போற விஷயம். ஹீட் வராம இருக்கப் போடுற ஹார்மோன் ஊசியும் இந்த ஆபத்தைக் கூட்டும். அதனால ஆபரேஷனுக்குப் பதிலா ஊசின்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

பொறுங்கன்னு சொல்றவங்க எலும்பை நினைக்கிறாங்க. நீள எலும்பு வளர்ச்சியை நிறுத்துறதுல சினைப்பை ஹார்மோனுக்குப் பங்கு இருக்கு. சினைப்பையைச் சீக்கிரம் எடுத்துட்டா வளர்ச்சி நிக்கிறது தாமதமாகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல 2016-ல ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டைகளைப் பார்த்தாங்க: ஆபரேஷன் பண்ணாததுல 100-க்கு 5-க்கு மூட்டுக் கோளாறு, ஒரு வயசுக்குள்ள பண்ணினதுல 16-க்கு. 2020-ல அதே குழு 35 இனங்களைப் பார்த்தது. சின்ன இனங்கள்ல மூட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. இது போக, கருத்தடை பண்ணின சில பெட்டைகளுக்குப் பின்னாடி தூக்கத்துல சிறுநீர் கசியும். பெரிய உடம்புக்காரிகளுக்கு அது கூடுதல்.

ஆனா அந்த 35-ல நம்ம கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எதுவும் கிடையாது. கால் நீளமான, ஓடப் பிறந்த நாய்ங்கிறதால, வளர்ந்து முடியட்டும்னு பொறுக்கிறதுல அர்த்தம் இருக்கு. அதே சமயம் நான் இன்னொண்ணும் கேப்பேன்: அக்கா, உங்க வீட்டு கேட் பூட்டுதா?

ஹீட் வந்தா ஏறக்குறைய மூணு வாரம். முதல் வாரம் ரத்தம் படும், கடுவன் கிட்ட வந்தா விரட்டும். ரெண்டாவது வாரம் ரத்தம் வெளுக்கும், குறையும். ‘முடிஞ்சு போச்சு’ன்னு நம்மாளு அப்பத்தான் அவுத்து விடுவாரு. உண்மையில அது சேர ஒத்துக்கிற நாளே அப்பத்தான் ஆரம்பிக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தோட்டத்துல காவலுக்கு நிக்கிற நாய்க்கு கேட் ஏது, சுவர் ஏது? 63 நாள்ல ஆறேழு குட்டி. கடுவன் குட்டியை ஆள் கேட்டு வந்து வாங்கிருவாங்க. பெட்டைக் குட்டிங்க சாக்குல போய் ஆத்தங்கரையில இறங்கும். அதுபோக, தெருக் கடுவன் மூலமா இனச்சேர்க்கையில தொத்துற புற்றுக்கட்டி ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல சாதாரணமாப் பார்க்கிறோம்.

அதனால நான் சொல்றது இதுதான். தெருவுல இருந்து எடுத்து வளர்க்கிற நாட்டுக்குட்டி, இல்ல தோட்டத்துல அவுத்து விட்டிருக்கிற நாய்: ஆறு மாசத்துல, முதல் ஹீட்டுக்கு முன்னாடி. சின்ன இனங்களுக்கும் அதேதான். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் மாதிரி பெரிய உடம்பு: ஒரு வயசு தாண்டட்டும். கன்னி, சிப்பிப்பாறை: சுத்துச்சுவர் இருந்து, மூணு வாரமும் பூட்டி வைக்க வீட்டுல ஆள் இருந்தா ஒரு ஹீட் போகட்டும், இல்லேன்னா ஆறு மாசமே நல்லது. மூட்டுக்கு வரக்கூடிய ஆபத்தை விட, வேண்டாத சினை நிச்சயமா வரும்.

ஹீட் வந்துட்டா உடனே பண்ணச் சொல்லாதீங்க. அப்ப ரத்தக்குழாய் எல்லாம் புடைச்சிருக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் இருந்தா தட்டணுக்கள் குறைஞ்சு ரத்தம் நிக்காது. பார்க்க நல்லா இருக்கிற நாய்க்கும் அது உள்ள இருக்கலாம். ரெண்டு, இது கன்னின்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. கொழுப்பு கம்மியான இந்த வகை நாய்களுக்குச் சில பழைய மயக்க மருந்து சீக்கிரம் தெளியாது. எங்க போறதுன்னு தெரியாதவங்க ராமையன்பட்டியில இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில விசாரிக்கலாம்; 2012-ல தொடங்கினது.

தையல் ஆற 10-ல இருந்து 14 நாள். அதுவரைக்கும் நக்க விடக்கூடாது, ஓட விடக்கூடாது. முக்கியமா ஆத்துலயோ வாய்க்கால்லயோ இறக்கிக் குளிப்பாட்டாதீங்க. தாமிரபரணி எங்கயும் போயிராது, ரெண்டு வாரம் பொறுக்கலாம்.

அக்கா, கேட்டைப் பார்த்துட்டு முடிவெடுங்க. அடுத்த எபிசோட்ல உண்ணிக் காய்ச்சலைப் பத்தியே விரிவாப் பேசுவோம்.