தலைக்குள் ஒரு மடை

கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போயிருக்கிறீர்களா? மரக்காணம் நெருங்கும்போது வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் தெரியும். உப்பளத்தில் பாத்தி உண்டு, வாய்க்கால் உண்டு, மடை உண்டு. மடை அடைத்துக்கொண்டால் நீர் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. வேண்டாத இடத்தில் தேங்கி நிற்கும்.

உங்கள் தலைக்குள்ளும் உப்புநீர் ஓடுகிறது. கடல்நீர் போல அவ்வளவு கரிக்காது. கடலில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. இதில் 9 கிராம் அளவுதான். மூளை இந்த நீரில் மிதக்கிறது. கிணற்றில் குடத்தை இழுக்கும்போது, நீருக்குள் இருக்கிறவரை கனமே தெரியாது அல்லவா? அதே கதைதான். வெளியே எடுத்து நிறுத்தால் சுமார் 1,400 கிராம் இருக்கும் பெரியவர்களின் மூளை, மிதக்கும்போது ஏறக்குறைய 50 கிராம்தான்!

மண்டையோட்டின் அடியில் ஒரு துளை இருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குவது அதன் வழியாகத்தான். இதயம் துடிக்கும்போதெல்லாம் உப்புநீரும் அதில் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும். அதுதான் மடை.

சில பிள்ளைகளுக்குப் பின்மண்டையில் இடம் போதாது. சிறுமூளையின் கீழ்நுனிகள் இரண்டும் நழுவி இந்தத் துளைக்குள் இறங்கிவிடும். அந்த நுனிகளுக்கும் டான்சில் என்றுதான் பெயர். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் வீங்கும் என்று பாட்டி மிரட்டும் தொண்டை டான்சிலுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை! இந்தக் குறைக்குக் கியாரி என்று பெயர். இருமினால், விழுந்து விழுந்து சிரித்தால், பின்னந்தலை விண்ணென்று வலிக்கும். சிலருக்குத் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்கி, கை மரத்துப்போகும், முதுகு வளையும்.

ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் 1891-ல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே வந்ததே 1895-ல்தான். ஆகவே இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துத்தான் அவரால் இதைக் காண முடிந்தது. எக்ஸ்ரேயும் எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். உயிரோடு ஓடியாடும் பிள்ளையின் மூளை எங்கே இறங்கியிருக்கிறது என்று தெளிவாகக் காட்டியது எம்.ஆர்.ஐ.

அது ஒரு ராட்சசக் காந்தம். பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குகிறது. கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழற்றிவிட்டு, டமடம சத்தத்துக்கு நடுவே அசையாமல் படுக்க வேண்டும். உப்புநீர் ஏறி இறங்குவதையே சினிமா போலக் காட்டும் எம்.ஆர்.ஐ.யும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நுனி 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கியாரி என்பது பொதுக்கணக்கு. ஆனால் ஸ்கேலை வைத்து மட்டும் யாரும் கத்தியை எடுப்பதில்லை. அவ்வளவு இறங்கியும் எந்தத் தொல்லையும் இல்லாமல் பந்து விளையாடும் பிள்ளைகள் நிறைய. அவர்களை அவ்வப்போது பரிசோதித்தால் போதும்.

தொல்லை இருந்தால் அறுவை சிகிச்சை. பின்மண்டையில் சிறு எலும்புத் துண்டை எடுத்து, மடையை அகலப்படுத்துவார்கள். மூளையைப் போர்த்திய உறையையும் திறந்து ஒட்டுப்போட்டுத் தைப்பது இன்னொரு முறை. எலும்போடு நிறுத்தினால் பிள்ளை சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் சிலருக்கு மறுபடி அறுவை தேவைப்படும். உறையைத் திறந்தால் இடம் தாராளம். ஆனால் தையல் வழியே நீர் கசியக்கூடும். எது மேல் என்று மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. மும்பை மருத்துவர் அதுல் கோயல், கோளாறின் வேர் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் ஆட்டத்தில் இருக்கிறது, அவற்றை இறுக்க வேண்டும் என்று 2015-ல் கட்டுரையே எழுதினார். எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அறுவைக்குப் பின், இருமும்போது வரும் தலைவலி பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைந்துவிடுகிறது. முதுகு வளைவும் மரத்துப்போன கையும் அவ்வளவு எளிதில் சரியாவதில்லை. சில மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தண்டுவடத்தில் தேங்கியிருந்த நீர், மடை திறந்த பாத்தி போல, பலருக்கும் அதற்குள் வடியத் தொடங்கியிருக்கும்.