ஊர் ஊராய்ப் போன ஆசான்

தில்லி கேட்டுக்கு அருகே, கோட்லா கிரிக்கெட் மைதானத்தை ஒட்டினாற்போல் அம்பேத்கர் விளையாட்டரங்கு இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருப்போம். உள்ளே போனவர்கள் சிலரே. சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறன்று உள்ளூர்க் கால்பந்துப் பந்தயம் ஒன்றைப் பார்க்க நான் அங்கே போனேன். பனிமூட்டத்தில் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பமே தெரியவில்லை. பக்கத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து அலுத்துப்போய், ஹௌட்டன் இருந்த நாளில் இங்கே உட்கார இடம் கிடைக்காது என்று இந்தியில் பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். இந்திய அணி இந்த அரங்கில் கோப்பை வென்ற நாட்களில் நான் திண்டுக்கல்லில் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த சிறுவன். இப்போது விசாரிக்க விசாரிக்க, அம்மனிதரைவிட அவர் நாடு நாடாகச் சுமந்து திரிந்த ஒரு கருத்து என்னைப் பிடித்துக்கொண்டது. பந்தாட்டத்தில் நாட்டமில்லாத நண்பர்களும் சற்றுப் பொறுத்துப் படிக்கலாம். இக்கட்டுரையில் பந்தைவிடக் கணக்கே அதிகம்.

ராபர்ட் ஹௌட்டன் 1947-இல் இலண்டனில் பிறந்தவர். ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் எடுக்கவில்லை. நன்றாக ஆடியவரே நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற எண்ணம் நம் நாட்டில் இன்னும் போகவில்லை. ஆனால் கச்சேரியில் கொடி கட்டிப் பறக்கும் வித்துவானிடம் பாட்டுக் கற்கப் போய்க் கண்ணீரோடு திரும்பிய பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்! ஹௌட்டன் சிறு வயதிலேயே பயிற்சியாளர் தேர்வுகளை முடித்துக்கொண்டு, 1974-இல், தம் 26-ஆம் வயதில், சுவீடனின் தென்கோடித் துறைமுக நகரமான மால்மோவின் சங்கத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். அணியில் அவரைவிட மூத்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். போன ஆண்டே அச்சங்கம் சுவீடனின் முதற்பிரிவுப் பட்டத்தை வென்றது. 1975-இலும் 1977-இலும் மறுபடியும் வென்றது.

அவர் கொண்டுபோனது என்ன? அக்காலத்தில் அங்கே காவல் என்றால் ஆளுக்கு ஆள் காவல். ஒவ்வொரு காவலனுக்கும் எதிரணியில் ஒருவன் ஒதுக்கப்படுவான். அவன் போகுமிடமெல்லாம் இவனும் போவான். இவர்களுக்குப் பின்னால், தப்பி வந்ததைத் துடைத்தெறிய ஒருவன் நிற்பான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எங்கே நிற்கவேண்டும் என்பதை இம்முறையில் என் எதிரி முடிவு செய்கிறான். அவன் என்னை மைதானத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போய்விட்டால், நான் விட்டுப்போன இடம் திறந்து கிடக்கும்.

ஹௌட்டன் ஆளைக் காக்காதே, இடத்தைக் கா என்றார். நாம் சிறு வயதில் ஆடிய சடுகுடுவை நினைத்துக்கொள்ளுங்கள். பாடி வருகிறவனை மடக்க நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதில்லை; கை கோத்துச் சங்கிலியாய் நகர்கிறார்கள். அவன் வலப்புறம் சாய்ந்தால் சங்கிலி முழுதும் சாய்கிறது. கால்பந்தில் நான்கு காவலர்களும் கையைக் கோக்காமலே அப்படி நகரவேண்டும். அவர்களுக்கு முன்னால் இன்னும் நால்வர் அதே இடைவெளியில் நகரவேண்டும். பந்து எங்கே போகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் கூடிச் சாயவேண்டும்.

இப்போது கணக்கு. மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல் காப்பாளரை நீக்கிப் பத்துப் பேர் இதைக் காக்கவேண்டுமானால் ஒருவன் தலையில் 714 சதுர மீட்டர் விழும். ஒரு மனிதனால் ஆகிற காரியமன்று. ஆனால் பின்வரிசை தன் கோலை விட்டு முன்னே ஏறி, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 35 மீட்டருக்கு மேல் போகாமல் அணி சுருங்கி நின்றால், காக்கவேண்டியது 2,380 சதுர மீட்டர்தான், ஒருவனுக்கு 238. பந்து இருக்கும் பக்கமாக அகலத்திலும் சுருங்கி 45 மீட்டருக்குள் நின்றால் ஒருவனுக்கு 160-க்கும் குறைவு. ஆட்களைக் கூட்டாமல், வேகத்தைக் கூட்டாமல், நெருக்கத்தை நாலு மடங்குக்கு மேல் கூட்டியாயிற்று. பௌதிக மாணவர்கள் வாயுவைக் குழலில் அடைத்து அழுத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

முன்னேறிய வரிசைக்குப் பின்னால் அவ்வளவு வெற்றிடம் கிடக்கிறதே, எதிரி அங்கே போய் நின்றுகொண்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஆப்சைடு விதி உதவிக்கு வருகிறது. பந்து உதைபடும் கணத்தில், கோல் காப்பாளர் போக மிஞ்சிய கடைசிக் காவலனையும் தாண்டி நிற்பவன் அந்தப் பந்தைத் தொடக்கூடாது. ஆகவே பின்னால் கிடக்கும் வெற்றிடம் எதிரிக்குப் பூட்டிய வீடு.

ஆனால் பூட்டு மெல்லியது. நால்வரில் மூவர் ஏறி, ஒருவன் 2 மீட்டர் பின்தங்கிவிட்டால் போதும். அவனே எதிரிக்கு வாசலைத் திறந்துவிட்டவனாகிறான். விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவனுக்கு 2 மீட்டர் என்பது கால் விநாடி. நால்வரும் கால் விநாடிக்குள் ஒரே முடிவுக்கு வரவேண்டுமென்றால், யோசித்து வரமுடியாது, பழக்கம் வரவேண்டும். பந்து இங்கே இருந்தால் நீ எங்கே, அங்கே போனால் நீ எங்கே என்று நாள்தோறும் ஒரே பாடம். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல. ஆட்டக்காரர்களுக்கு அலுப்புத் தட்டும் என்பதில் ஐயமில்லை. இந்த வாய்ப்பாட்டை நண்பர்கள் மறவாமல் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் இந்தியாவுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

சுவீடனில் இதை எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. ஆட்டத்தின் அழகு போயிற்று, மனிதனை இயந்திரமாக்குகிறார்கள் என்று பெரிய சர்ச்சையே நடந்தது. ஆனால் ஹௌட்டனின் பள்ளித் தோழரான ராய் ஹாட்ஜ்சன் 1976-இல் ஹால்ம்ஸ்டாட் என்ற சிறு சங்கத்துக்கு வந்து, அதே முறையில் அவ்வாண்டே பட்டத்தை வென்றார். ஸ்வென் யோரான் எரிக்சன் என்ற சுவீடன் இளைஞர் இவ்விருவரிடமும் பாடம் கேட்டுக்கொண்டு, 1982-இல் கோத்தன்பர்க் அணியை ஐரோப்பிய அளவில் யூஈஎப்ஏ கோப்பை வெல்லச் செய்தார். ஹௌட்டனோ 1979 மே 30 அன்று மியூனிக் நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கே மால்மோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் அணி ஒரே ஒரு கோலில் வென்றது. பணக்காரச் சங்கங்கள் கூடும் அந்தக் களத்தில் மால்மோ முழுக்க முழுக்கச் சுவீடன்காரர்களைக் கொண்டே ஆடியது. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தச் சுவீடன் சங்கமும் அந்த இறுதியாட்டத்தை எட்டியதில்லை.

இதன்பிறகு அவர் நாடோடியானார். 1980-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்டி. அது கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சங்கம். பின் கனடாவில் டொரான்டோ. 1983, 1984 இரண்டு ஆண்டுகளும் வட அமெரிக்க லீக்கின் இறுதியாட்டத்தில் தோல்வி, அதற்குமேல் அந்த லீக்கே கலைந்துபோயிற்று. 1990-இல் மறுபடி மால்மோ. 1996-இல் அமெரிக்காவில் கொலராடோ. அடுத்துச் சீன தேசிய அணி. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். மறு ஆண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போகவே அந்த வேலையும் முடிந்தது.

2005-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்ததைச் சொல்லாமல் போகமுடியாது. உலகக் கோப்பைத் தகுதிக்காகப் பஹ்ரைனுடன் தாஷ்கண்டில் ஆட்டம். ஹௌட்டனின் அணி 1-0 என முன்னிலையில் இருக்கிறது. ஒரு பெனால்ட்டியும் கிடைத்துக் கோலும் விழுகிறது. உதைக்குமுன்பே உஸ்பெக் ஆட்டக்காரர் ஒருவர் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி மறுபடி உதைக்கச் சொல்லவேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு இலவச உதை கொடுத்துவிட்டார். வென்ற பிறகும் உஸ்பெக்கியர் இதைச் சும்மா விடவில்லை. நடுவர் பிழைக்காக 3-0 என்று எழுதித்தர வேண்டினர். உலகச் சங்கமோ ஆட்டத்தையே ரத்துச் செய்து மீண்டும் ஆடச் சொன்னது. மீண்டும் ஆடியதில் 1-1. பஹ்ரைனில் நடந்த ஆட்டம் 0-0. வெளியூரில் அடித்த ஒரு கோலால் பஹ்ரைன் மேலே போயிற்று. கையிலிருந்த வெண்ணெயை வைத்துவிட்டு நெய்க்கு மனுப் போட்ட கதை!

2006-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அப்போது நடந்துகொண்டிருந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நாம் 6 ஆட்டங்களிலும் தோற்றோம். ஆனால் 2007 ஆகஸ்டு 29 அன்று, முதலில் சொன்ன அதே அம்பேத்கர் அரங்கில், இடுக்கிப் பக்கத்து என். பி. பிரதீப் அடித்த ஒரே கோலால் சிரியாவை வென்று, நேரு கோப்பை முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தது. அதே சிரியா சில நாட்களுக்கு முன்புதான் நம்மை 3-2 என வென்றிருந்தது. 2008 ஆகஸ்டு 13 அன்று அதே அரங்கில் தஜிகிஸ்தானை 4-1 என வென்றோம். சுனில் சேத்ரி மூன்று, பைச்சுங் பூட்டியா ஒன்று. அந்த வெற்றிதான் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 ஆசியக் கோப்பையில் நமக்கு இடம் வாங்கித் தந்தது. 2009-இல் மறுபடி நேரு கோப்பை, மறுபடி சிரியா. இம்முறை பெனால்ட்டி உதைகளில் கோல் காப்பாளர் சுப்ரதா பால் காப்பாற்றினார். பெரியவரின் பெருமூச்சுக்குக் காரணம் இந்த மூன்று ஆகஸ்டு மாதங்கள்தாம்.

இந்த வெற்றிகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். ஒவ்வொரு முறையும் அணி நெடுநாள் முகாமில் ஒன்றாக இருந்திருக்கிறது. போர்ச்சுகலுக்கும், 2009-இல் பார்சிலோனாவுக்கும் போய்ப் பயின்றிருக்கிறது. வாய்ப்பாட்டுக்கு நாள் வேண்டும் என்றேனல்லவா? சங்கப் பயிற்சியாளனுக்கு ஆட்டக்காரர்கள் தினமும் காலையில் எதிரே நிற்பார்கள். தேசிய அணிக்காரனுக்கோ அவர்கள் விருந்தாளிகள்; வந்து நாலு நாளில் தத்தம் சங்கங்களுக்குத் திரும்பிவிடுவார்கள், அங்கே வேறு பாடம். ஆகவே ஹௌட்டன் விருந்தாளிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். தேசிய அணியையே ஒரு சங்கமாக்கப் பார்த்தார். சம்பளம் கொடுக்கும் சங்கங்கள் முணுமுணுத்தன. அவற்றைக் குறை சொல்லவும் முடியாது.

2011 ஜனவரியில் டோஹாவில் ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. அவ்வாண்டு ஏப்ரலில் அவரும் கூட்டமைப்பும் பிரிந்தனர். 2015-இல் உலகத் தர வரிசையில் நாம் 173-ஆம் இடத்துக்கு இறங்கினோம்.

ஹௌட்டன் இங்கே தோற்றார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவரிடம் ஒரு குறை காண்கிறேன். மால்மோவில் அவர் பாடம் சொன்னபோது பக்கத்து ஊரில் ஹாட்ஜ்சன் இருந்தார். கேட்டு எழுதிக்கொள்ள எரிக்சன் இருந்தார். ஆசான் போன பின்பும் பாடத்தைச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே அவர் ஆட்டக்காரர்களைப் பழக்கிய அளவுக்குப் பழக்குகிறவர்களைப் பழக்கவில்லை. அல்லது பழக அனுப்ப நமக்குத் தோன்றவில்லை. இரண்டில் எது என்று கேட்டால், இரண்டாவதற்கே என் வாக்கு.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் விடுதி அணி சென்ற ஐப்பசியில் 7-0 என்று தோற்றது. ஏழில் ஐந்து, ஆளைத் துரத்திக்கொண்டு ஓடி இடத்தை விட்டதால் விழுந்தவை. அவற்றில் மூன்று என்னால். அதற்குப் பிறகு துணி காயப்போடும் கொடிக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், நால்வரின் இடுப்பில் 8 மீட்டர் இடைவெளியில் கட்டி, பந்தைக் காட்டி நகரப் பழகினோம். முதல் நாள் நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். பார்த்துக்கொண்டிருந்த மெஸ் சமையற்காரர், மாடு பூட்டுகிறீர்களா என்று கேட்டார். மூன்றாம் வாரம் கயிற்றை அவிழ்த்த பிறகும் வரிசை ஓரளவு நின்றது. அடுத்த ஆட்டத்தில் 1-0 என்றுதான் தோற்றோம்.

வைகாசியில் என் தேர்வு முடிகிறது. பிறகு நான் தில்லியில் இருக்கமாட்டேன். நால்வரில் இன்னும் இருவரும் என்னோடு போகிறார்கள். ஆகவே முதலாண்டு மாணவர்கள் நான்கைந்து பேர் வேண்டும். பந்து உதைக்கத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு விடுதிக்குப் பின்னுள்ள திடலில் இருப்போம். கயிறு எங்களிடம் இருக்கிறது.