மீண்டும் பறக்கும் பழைய போர் விமானங்களும் பதுங்கு குழியின் ஐந்து விநாடிகளும்

சுதந்திர தின ஒத்திகை நாட்களில் காலிமுகத்திடலுக்கு மேலாகப் போர் விமானங்கள் தாழப் பறக்கும்போது, அந்தச் சத்தம் கொட்டாஞ்சேனைக்கும் கேட்கும், வெள்ளவத்தைக்கும் கேட்கும். வீதியில் நிற்பவர்களில் சிலர் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களில் சிலர், அண்ணாந்து பார்க்க முன்னரே சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அதே விமானத்தை இரண்டு பேரும் இரண்டு விதமாக அறிந்திருக்கிறார்கள்.

போர் விமானத்தைப் பற்றிய அறிவைப் பாதுகாப்பதற்கென்றே இன்று உலகெங்கும் ஒரு பெரும் உழைப்பு நடக்கிறது. துருப்பிடித்த பழைய விமானங்களைத் திருத்திப் பறக்க வைக்கிறார்கள். பறக்க வைக்க முடியாதவற்றைக் கணினித் திரையில், ‘பிளைட் சிமுலேட்டர்’ எனப்படும் பறப்பு விளையாட்டுகளில் மீண்டும் உருவாக்குகிறார்கள். இந்த உழைப்பு எப்படி நடக்கிறது, அதில் எது பதிவாகிறது, எது விடுபடுகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

ரத்மலானையில் நிற்பவை

வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியாக ரத்மலானைக்குப் போகலாம். அங்கே இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய விமானங்களைப் பேணும் பிரிவாக 1993இல் தொடங்கி, 2009 நவம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அங்குள்ள விமானங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சாட்சி. ஜெட் புரொவொஸ்ட் பயிற்சி விமானங்கள் பாவனையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்து, 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அவசரமாக வெளியே எடுத்துத் திருத்தப்பட்டவை. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் ஐந்து மிக்-17 விமானங்களைக் கொடுத்தது. பிற்காலத்து மார்ச்செட்டியும் புக்காராவும்கூட அங்கே நிற்கின்றன. இந்த இரண்டு பெயர்களையும் எங்கள் வாசகர்கள் பலருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

திருத்துவதில் இரண்டு வகை உண்டு. பார்வைக்காகத் திருத்தும்போது துருவை நீக்கி, உடைந்த தகடுகளை மாற்றி, பழைய நிறத்தைப் பூசினால் போதும். பறப்பதற்காகத் திருத்துவது வேறு. ஒவ்வொரு ஆணியையும் குழாயையும் சோதிக்க வேண்டும். கிடைக்காத பாகத்தைப் பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளும் பெருந்தொகைப் பணமும் செலவாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் ஹரிக்கேன் விமானங்கள் 14 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இருபதுக்கும் குறைவு.

1942: கொழும்பின் வானம்

அந்த ஹரிக்கேன்கள் இதே ரத்மலானையிலிருந்துதான் கொழும்பைக் காக்கப் புறப்பட்டன. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்த ஜப்பானியப் படை கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கியது. ரத்மலானையிலிருந்தும், கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்தும் பிரித்தானிய விமானங்கள் எழும்பின. ரத்மலானையில் இருந்தவர்கள் புறப்படும்போதே எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலை மீதும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத்தை அண்டிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

ஜப்பானியரின் சீரோ விமானம் குறைந்த வேகத்தில் மிகச் சிறிய வட்டத்தில் திரும்பக்கூடியது. அதோடு சுற்றிச் சுற்றிச் சண்டையிட முயன்ற ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. அதன் பலவீனம் அப்போது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது திருத்தப்பட்ட ஒரு விமானம். ஏப்ரல் 6ஆம் திகதி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கிய ரியூஜோ என்ற கப்பல், இரண்டு மாதங்களின் பின் அலாஸ்காப் பக்கம் போனது. அதன் சீரோ ஒன்று அக்குட்டான் தீவின் சதுப்பு நிலத்தில் தலைகீழாக விழுந்தது. அமெரிக்கர்கள் அதை மீட்டுத் திருத்தி, செப்ரெம்பரில் பறக்க விட்டார்கள். வேகம் கூடும்போது அதைப் பக்கவாட்டில் சாய்ப்பது கடினம் என்பதும், மூக்கைச் சடுதியாகக் கீழே தள்ளினால் இயந்திரம் திணறும் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

திரையில் ஒரு விமானம் எப்படிப் பிறக்கிறது

இத்தகைய பரீட்சைப் பறப்புகளின் அறிக்கைகள்தான் இன்றைய சிமுலேட்டர்களுக்கு மூலப்பொருள். தயாரிப்பாளர்கள் முதலில் விமானியின் கைநூல், தொழிற்சாலை வரைபடங்கள், பரீட்சை அறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டுகிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை எல்லாப் பக்கமும் படமெடுத்தும் லேசர் கதிரால் அளந்தும் அதன் உருவத்தைக் கணினிக்குள் கொண்டுவருகிறார்கள். பறக்கும் நிலையில் உள்ள விமானம் கிடைத்தால் அதன் இயந்திரச் சத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். எந்த வேகத்தில், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் சிறகு எவ்வளவு தாங்கும் என்ற எண்களைக் கணக்கில் சேர்க்கிறார்கள். கடைசியில், முடிந்தால், அந்த விமானத்தை ஓட்டிய ஒருவரை அழைத்துத் திரையில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இப்படித்தான் ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்’, ‘டிசிஎஸ் வேர்ல்ட்’ போன்றவற்றில் பழைய விமானங்கள் தத்தம் குணங்களோடு வருகின்றன. ‘டிசிஎஸ்’இல் மிக்-21 இருக்கிறது. இலங்கை விமானப்படை 1991இல் சீனாவிடமிருந்து பெற்ற எஃப்-7, அந்த மிக்-21இன் சீன வடிவம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஓர் அறையில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளை ஒருவர் அதை ஓட்டலாம். பக்கத்து அறையில் இருக்கும் அம்மா ஒரு காலத்தில் அதன் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்குள் இறங்கியவராக இருக்கலாம்.

விடுபட்ட பக்கம்

சிமுலேட்டரில் சேரும் தரவு எல்லாமே விமானியின் பக்கத்துத் தரவு. கீழே இருப்பது வீடுகளின் படமும் புகையும் மட்டும். கீழே இருந்தவர்களுக்கும் அதே அளவு நுட்பமான அறிவு இருந்தது. எங்கள் ஊர்களில் சிறுபிள்ளைகளே சத்தத்தை வைத்து விமானத்தைப் பிரித்தறிந்தார்கள். பொதி ஏற்றும் பெரிய விமானத்திலிருந்து குண்டுகளை உருட்டித் தள்ளியபோது, அதன் கடகட ஓசைக்கு ‘சகடை’ என்று பெயர் வைத்தார்கள். 1996இல் இஸ்ரேலிடமிருந்து கிபிர் வந்த பின் எல்லாம் மாறியது என்பார்கள்.

ஏன் மாறியது என்பதைக் கணக்காகவே காட்டலாம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் எழும் சத்தம் நம் காதுக்கு வர 15 விநாடி ஆகும். மணிக்கு 300 கிலோமீற்றரில் நேராக நம்மை நோக்கி வரும் விமானம் அந்த நேரத்தில் ஒன்றேகால் கிலோமீற்றர்தான் வந்திருக்கும். மிச்சத் தூரத்தைக் கடக்க அதற்கு 45 விநாடி வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்க அது போதும். மணிக்கு 900 கிலோமீற்றரில் வரும் ஜெட் அதே 15 விநாடிக்குள் மூன்றே முக்கால் கிலோமீற்றரைத் தாண்டிவிடும். நமக்கு மிஞ்சுவது ஐந்து விநாடி.

இந்த ஐந்து விநாடியை எந்தச் சிமுலேட்டரும் காட்டுவதில்லை. 1995 ஜூலை 9 நவாலியிலும், அதே ஆண்டு செப்ரெம்பர் 22 நாகர்கோவில் பாடசாலையிலும் குண்டு விழுந்ததைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சில விநாடிகளில் யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது இருந்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

இந்தப் பயம் தமிழருக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. 2009 பெப்ரவரி 20 இரவு, புலிகளின் சிறிய விமானம் ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியபோது, மின்விளக்குகள் அணைந்த நகரத்தில் எல்லா இனத்தவரும்தான் இருட்டில் இருந்தார்கள். வானத்தைப் பார்த்துப் பயந்த அனுபவம் இந்த நாட்டில் பலருக்கும் பொது.

விமானத்தைத் திருத்துபவர்களிடமிருந்து நாம் ஒன்றைக் கற்கலாம். அவர்கள் ஒரு திருகாணியின் அளவையும் விடாமல் குறித்து வைக்கிறார்கள். அதே கவனத்தோடு வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பதியலாம். என்ன சத்தம் கேட்டது, எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்கு, குழி ‘எல்’ வடிவமா, மேலே போட்டது பனங்குற்றியா மண்மூட்டையா, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள். இதற்குக் கைத்தொலைபேசியில் உள்ள ஒலிப்பதிவு போதும். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தவும் கூடாது.

1942இல் கொழும்பின் வானத்தில் பறந்த விமானிகளின் பெயர்களும் நேரங்களும் ஆவணங்களில் இருக்கின்றன. அன்று துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே ஓடினார்கள் என்று கேட்க இன்று அநேகமாக ஒருவரும் மிஞ்சியில்லை. எங்கள் போரின் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.