மாநகராட்சி வாசலில் ஒரு பொட்டலம்

செம்பூர், மாட்டுங்கா, தாராவி: மும்பையில் தமிழர்கள் வேரூன்றிய மூன்று வட்டாரங்கள். மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து நின்றபோது தெரு சுத்தமானது. ஒரு தரப்பு விலகியதுமே குப்பை திரும்பி வந்தது.

குப்பை லாரி எட்டிப் பார்க்காத பேட்டை அது. மும்பையின் கிழக்குக் கோடியில், செம்பூரைத் தாண்டி மான்குர்து பக்கத்தில் இருந்த ஜனதா காலனி. 1960களில் அங்கே குடியேறிய பல்லாயிரம் பேரில் கணிசமானவர்கள் தமிழர்கள். கோலார் தங்க வயலில் பிறந்து, 1963இல் தச்சு வேலை தேடி பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதமும் அவர்களில் ஒருவர். மனு கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. ஒருநாள் காலனிச் சிறுவர்களைத் திரட்டினார் அவர். ஆளுக்கொரு செய்தித்தாள், அதில் ஒரு குப்பைப் பொட்டலம். ஊர்வலம் போய் நின்ற இடம் மாநகராட்சி அலுவலகம். குப்பையை எடுக்க மாநகராட்சி வராவிட்டால், மாநகராட்சியைத் தேடிக் குப்பை போகும் என்பதுதான் செய்தி. வாசலில் குவிந்த பொட்டலங்களைக் கண்ட அதிகாரிகள் பேச்சுக்கு இறங்கி வந்தார்கள்.

ஜோக்கின் பின்னர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார். 2000இல் மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018 அக்டோபரில் காலமானார். ஜனதா காலனி அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அது இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் அந்தப் பொட்டலம் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பது யார் பொறுப்பு? வரி வாங்கும் மாநகராட்சியா, அங்கே வாழும் மக்களா?

மும்பையின் வரலாறு தரும் பதில் கொஞ்சம் கசப்பானது. 1896இல் பிளேக் நோய் தாக்கியபோது பயந்துபோன நகரம், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. அந்த டிரஸ்ட் திட்டமிட்டுக் கட்டியதுதான் தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகள். அகலமான சாலைகள், நடுவே தோட்டங்கள், காற்றோட்டமான கட்டடங்கள். ஆபீஸ் உத்தியோகம் பார்த்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். அதே காலகட்டத்தில், நகரத்துக்குப் பிடிக்காத தொழில்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. தோல் பதனிடும் தொழிலும் மண்பாண்டமும் தாராவிச் சதுப்பு நிலத்துக்குப் போயின. தோல் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும் அங்கே குடியேறினார்கள். 1927இல் குப்பைக்கு தேவ்நார் ஒதுக்கப்பட்டது. 1971இல் பாந்திராவின் ஆட்டுத்தொட்டியும் தேவ்நாருக்கே போனது. மாட்டுங்காவுக்குக் கிடைத்தது தோட்டம், தேவ்நாருக்குக் கிடைத்தது குப்பை மேடு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான்.

இந்தக் கணக்கைச் சற்றே மாற்ற மாநகராட்சி எடுத்த முதல் பெரிய முயற்சி 1997இல் வந்தது. ஏ.எல்.எம். என்று மும்பைவாசிகள் சுருக்கமாக அழைக்கும் வட்டார மேலாண்மைத் திட்டம் அது. காட்கோபரின் ஜோஷி லேன் குடியிருப்போர் தாங்களாகவே குப்பையைப் பிரித்துத் தெருவைச் சீர்படுத்தியதுதான் இதற்கு முன்மாதிரி. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து குழு அமைத்து வார்டு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டிலேயே பிரிப்பது, ஈரக்குப்பையை உரமாக்குவது, தெருவைக் கண்காணிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு, அவர்களின் புகார்களைக் கவனிக்க வார்டில் ஓர் அதிகாரி இருப்பார். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குழுக்கள் முளைத்தன. ஆர்வமுள்ள நாலு பேர் இருந்த தெருக்களில் குழு தழைத்தது. அவர்கள் வீடு மாறியதும், அல்லது அதிகாரி மாற்றலானதும், பல குழுக்கள் பெயரளவில் மட்டுமே மிஞ்சின.

இந்தத் திட்டம் சொல்லாமல் விட்ட ஒரு பிரிவினரைக் கவனித்தது ஸ்த்ரீ முக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு. ஜோதி மாப்சேகர் முதலானோர் 1975இல் தொடங்கிய அமைப்பு இது. தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கி வாழும் பெண்களுக்காக 1998இல் 'பரிசர் விகாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. குப்பை மேட்டில் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அடையாள அட்டை பெற்றார்கள். உரம் தயாரிக்கவும், பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 'நிசர்க்ருணா' போன்ற உயிரி எரிவாயு நிலையங்களை இயக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு குடியிருப்பு தன் குப்பையைப் பிரித்துக் கொடுத்தால், அதை எடுத்துச் செல்லும் பெண்ணின் கையில் கண்ணாடி கிழிக்காது, அவள் வருமானமும் கூடும். சுற்றுச்சூழல் என்ற பெரிய வார்த்தைக்கு இவ்வளவு எளிய அர்த்தமும் உண்டு.

மாட்டுங்காவின் சாதனை வேறு வகை. கிங்ஸ் சர்க்கிள் அருகே அம்பேத்கர் சாலையில் துல்புலே மேம்பாலம் வந்ததும், அதன் அடியில் வழக்கமானதே நடந்தது. வண்டிகள் நின்றன, குப்பை சேர்ந்தது, இரவில் வேண்டாத வேலைகள் நடந்தன. குடியிருப்பவர்கள் மனு கொடுத்ததோடு நிற்கவில்லை. சொந்தச் செலவில் காவலாளிகளை நிறுத்தி இடத்தைப் பாதுகாத்தார்கள். அங்கே பூங்கா வேண்டும் என்று பல ஆண்டுகள் மாநகராட்சியை விடாமல் துரத்தினார்கள். 2016இல் நானாலால் டி. மேத்தா தோட்டம் திறக்கப்பட்டது. சுமார் 600 மீட்டர் நீள நடைபாதை, நர்மதை நதியின் போக்கைப் பின்பற்றி வளைந்து செல்கிறது. பாலத்தின் மேலே வாகன இரைச்சல், கீழே மாலை நடை போகும் தாத்தாக்களும் ஓடி விளையாடும் பேரப்பிள்ளைகளும். பாலங்களுக்கு அடியில் வாகனம் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்த நகரத்துக்கு இது ஒரு பாடம்.

ஆனால் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடிகிற மாட்டுங்காவின் வழி தாராவிக்குச் சரிப்படுமா? இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள் வாழ்வதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை கிடையாது. தாராவியில் சுற்றுச்சூழல் என்ற பேச்சு மரம் நடுவதில் தொடங்குவதில்லை. விடியற்காலையில் கையில் வாளியோடு நிற்கும் வரிசையில் தொடங்குகிறது.

முன்பெல்லாம் பொதுக் கழிப்பறையை ஒப்பந்தக்காரர் கட்டிவிட்டுப் போய்விடுவார். தண்ணீர் இருக்காது, கதவு உடையும், சில மாதங்களில் யாரும் உள்ளே போக முடியாது. இதை மாற்ற முயன்றது, உலக வங்கிக் கடனோடு மாநகராட்சி நிறைவேற்றிய குடிசைப் பகுதி சுகாதாரத் திட்டம். கட்டுவதற்கு முன்பே அந்தப் பகுதி மக்கள் சங்கம் அமைக்க வேண்டும். வயது வந்தோர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். கட்டடம் மாநகராட்சியின் செலவு. பராமரிப்பு, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. குடும்பத்துக்கு மாதாந்திர பாஸ். பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மாடியில் ஓர் அறை. 2005 வாக்கில் நகரம் முழுவதும் சுமார் 330 கழிப்பறைக் கட்டடங்கள், 5,100க்கும் மேற்பட்ட இருக்கைகள் உருவாயின. ஜோக்கினின் கூட்டமைப்பும் மகிளா மிலன், ஸ்பார்க் அமைப்புகளும் இதில் பெரும் பங்கு வகித்தன. குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் மகிளா மிலன் பெண்கள். பெரியவர்கள் வரிசையில் முந்திக்கொண்டால் பிள்ளை சாக்கடை ஓரத்தில்தான் உட்காரும் என்பது தாய்மார்களுக்குத்தானே தெரியும்?

எல்லாச் சங்கங்களும் ஒழுங்காக நடந்தன என்று சொல்ல முடியாது. சில இடங்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கைக்குச் சாவி போனது. மின்கட்டணம் பல சங்கங்களின் கழுத்தை நெரித்தது. ஆனாலும் சங்கம் உயிரோடு இருந்த இடங்களில் கழிப்பறையும் உயிரோடு இருந்தது. அதன் மதிப்பு 2020இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, மும்பையே நடுங்கியது. மக்களில் சுமார் 80 சதவீதம் பேர் நம்பியிருந்தது ஏறத்தாழ 450 பொதுக் கழிப்பறைகளை. நோய் பரவ அதைவிடத் தோதான இடம் வேறில்லை. மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு, நாளுக்குப் பலமுறை அவற்றைக் கிருமிநாசினியால் கழுவியது. உள்ளூர் டாக்டர்களும் தொண்டர்களும் வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள். ஜூலை மாதம் உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

குப்பை மேட்டைத் திருத்த முடியும் என்பதற்கும் தாராவியிலேயே சாட்சி இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் நிற்கிறது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 1970கள் வரை அது குப்பைக் கிடங்கு. 1983இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி முதல் மரம் நட்டார். 1994 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று பூங்கா திறக்கப்பட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் வந்துபோகும் காடு அது. குப்பை கொட்டுவதை நிறுத்தி, பதினேழு ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்ததன் பலன்.

தேவ்நாருக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. 2016 ஜனவரியில் குப்பை மேடு தீப்பற்றி எரிந்தது. விண்ணிலிருந்து எடுத்த படத்திலும் புகை தெரிந்தது. செம்பூரிலும் கோவண்டியிலும் பள்ளிகள் மூடப்பட்டன. மறுமாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் நகரில் புதிய கட்டுமானங்களுக்குத் தடை போட்டது. அதன் பிறகுதான் மாநகராட்சி விழித்தது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் ஈரக்குப்பை சேரும் பெரிய குடியிருப்புகள் அதைத் தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2017இல் உத்தரவிட்டது. சுமார் 9,400 டன்னாக இருந்த அன்றாடக் குப்பை சில ஆண்டுகளில் 7,000 டன்னை ஒட்டி இறங்கியதாக மாநகராட்சி கணக்குக் காட்டியது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏ.எல்.எம். குழுக்கள் விருப்பத்தோடு செய்ததை, பிறகு சட்டம் கட்டாயப்படுத்திச் செய்யவைத்தது.

இப்போது தேவ்நாரும் தாராவியும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்திருக்கின்றன. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான டெண்டரை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி நிறுவனம் பெற்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத்தளத்தில் குடியேறியவர்களுக்கு தாராவியிலேயே கழிப்பறையோடு 350 சதுர அடி வீடு இலவசம். மற்றவர்கள் வெளியே போக வேண்டும். அவர்களுக்கான இடங்களில் ஒன்றாக, தேவ்நார் குப்பைக் கிடங்கில் சுமார் 124 ஏக்கரை 2024இல் மாநில அரசு ஒதுக்கியது. அங்கே மலையாகக் கிடக்கும் ஏறத்தாழ 1.85 கோடி டன் குப்பையை அகற்ற 2025இல் மாநகராட்சி 2,368 கோடி ரூபாய்க்கு டெண்டர் கோரியது.

இந்த முடிவு எடுக்கப்பட்டபோது மும்பை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு, தேர்தல் இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். மனு கொடுக்க ஆளில்லாத காலத்தில்தான் மக்களின் இருப்பிடமே மாற்றி எழுதப்பட்டது.

தனி வீட்டில் தனிக் கழிப்பறை என்பது தாராவிப் பெண்கள் தலைமுறைகளாகக் கேட்டது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் குப்பை மேட்டின் அடியில் மீத்தேன் கசிகிறது, கசிவு நீர் தானே சிற்றோடைக்குள் இறங்குகிறது. மண் எப்போது குடியிருக்கத் தகுதி பெறும் என்பதைச் சோதிப்பது யார், அந்தச் சோதனை முடிவு மக்கள் கைக்கு வருமா என்பது முக்கியம். மாட்டுங்காக்காரர்கள் பாலத்தடி பூங்காவுக்காகக் கேட்ட அதே கேள்விகளை, தேவ்நாருக்குப் போகப் போகிறவர்களும் கேட்க உரிமையுள்ளவர்கள். அவர்கள் வீட்டுச் சாவி வாங்கும் நாளில், காலுக்கடியில் இருப்பது மண்தானா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.