ஈரல் நோயும் டெல்டாக் கிருமியும்

மஞ்சட் காமாலை கண்டவுடன் கீழாநெல்லியைத் தேடுவது நம் நாட்டு வழக்கம். ஆனால் காமாலை யாவும் ஒரே நோயன்று. அசுத்த நீரால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். இரத்தத்தின் வழியே புகும் 'பி' வகைக் கிருமியோ சிலருடைய ஈரலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கிய இடத்தில் குடிபுகும் மற்றொரு கிருமியே டெல்டா. இத்தாலியிலுள்ள டூரின் நகரத்து மருத்துவர் மாரியோ ரிசெட்டோ 1977ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தார்.

மாமரத்தில் பற்றும் புல்லுருவியை விவசாயிகள் அறிவர். மரமின்றி அதற்கு வாழ்வில்லை. டெல்டாவும் அத்தகையதே. தனக்கென மேலுறை இல்லாமையால் பி கிருமியின் உறையை இரவல் வாங்கியே இது பரவுகிறது. ஆகவே பி இல்லாதவரிடம் டெல்டா நிலைகொள்ளாது. இரண்டும் சேர்ந்துவிட்டாலோ, ஈரல் இறுகிச் சுருங்குவதும் புற்று தோன்றுவதும் விரைவுபடுகின்றன. பி கிருமியை அடக்கும் மாத்திரைகளும் டெல்டாவை அடக்குவதில்லை.

இது எத்தனை பேருக்கு உள்ளது? பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, பி கிருமி உடையவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 4.5 பேரிடம் டெல்டா இருந்தது. ஈரல் சிகிச்சைக்கு மருத்துவமனை வந்தவர்களிலோ நூற்றுக்கு 16 பேருக்கு மேல். இவ்வேற்றுமை கண்டு மலைக்க வேண்டுவதில்லை. கால்நடை மருந்தகத்தில் நிற்கும் மாடுகளை எண்ணிவிட்டு ஊர் மாடுகளனைத்தும் நோயுற்றவை என்று நாம் கூறுவோமா? டெல்டா உடையவருக்கு நோய் முற்றுவதால் அவரே மருத்துவமனையை மிகுதியாக நாடுகிறார். எனவே மருத்துவமனைக் கணக்கை ஊர்க் கணக்காகக் கொள்வது பிழை. அதனைப் புறக்கணிப்பதும் பிழையே. பி கிருமி உடையோரிடையே காணும் ஈரல் இறுக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டெல்டாவைச் சார்ந்தது என அவ்வாய்வே மதிப்பிடுகிறது.

நாட்டுக்கு நாடும் இது வேறுபடும். மங்கோலியாவில் பி கிருமி உடையோரில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் டெல்டா காணப்பட்டுள்ளது. நம் நாட்டில் அந்நிலை இல்லை. ஆயினும் வழி திறந்தே உள்ளது. 2009ஆம் ஆண்டில் குஜராத்தின் மோடாசா பகுதியில், ஒருவருக்குக் குத்திய ஊசியையே பிறருக்கும் குத்தியதால் பி காமாலை பரவிப் பலர் மாண்டனர். சிறு காய்ச்சலுக்கும் ஊசி கேட்கும் நம் மக்களின் ஆசையை நாம் மெச்சுவதற்கில்லை. சவரக் கத்தியின் அலகையும் ஒவ்வொருவருக்கும் மாற்றுதல் வேண்டும். ஆனால் கூடி உண்பதாலோ தொட்டுப் பழகுவதாலோ இவை பரவா. நோயாளியை ஒதுக்குவது அறியாமை.

பி கிருமி உள்ளதெனத் தெரிந்தவர் டெல்டாச் சோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளல் நலம். உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் இதனையே பரிந்துரைத்துள்ளது. டெல்டாவுக்கெனத் தனித் தடுப்பூசி இல்லை. பி தடுப்பூசியே இரண்டையும் தடுக்கும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் அரசால் இலவசமாகப் போடப்படுகின்றன. வீட்டிலோ வழியிலோ பிரசவம் நேர்ந்தால் முதல் ஊசி தவறிவிடக்கூடும். அத்தகைய செய்தி எட்டியவுடன் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அன்றே கிராமச் சுகாதார செவிலியருக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.