ஒரு தொப்பியின் விலையில் ஒரு புத்தகம்

பழைய புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் அதன் அட்டையின் உட்புறத்தை முதலில் விரித்துப் பார்ப்பது எனது வழக்கம். பல வருடங்கள் நூலகமொன்றில் வேலை செய்ததால் வந்த பழக்கம் இது. யாருடைய கையெழுத்து இருக்கிறது, எந்த ஊரின் பெயர் இருக்கிறது, யார் யாருக்குப் பரிசாகக் கொடுத்தார், எந்த நூலகத்தின் முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தப் புத்தகம் கடந்து வந்த பாதை ஓரளவு தெரிந்துவிடும்.

காணி உறுதி வாசித்துப் பழகிய சகோதரிகளுக்கு இது புதிய விடயமல்ல. இன்னாருக்கு முதுசமாக வந்தது, அவர் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது, பின்பு இன்னார் விலைக்கு வாங்கியது என்று உறுதியில் ஒரு சங்கிலி இருக்கும். அதில் ஒரு கண்ணி விடுபட்டாலும் வழக்குத்தான். அரிய புத்தகங்களுக்கும் இதே மாதிரி ஒரு சங்கிலி உண்டு. அந்தச் சங்கிலியைச் சொல்ல, எங்கள் நாட்டோடும் எங்கள் ஊர்களோடும் தொடர்புள்ள ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மூதூரில் பிடிபட்ட இளைஞன்

1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வந்த 'ஆன்' என்னும் கப்பல் இந்தியாவின் மசூலிப்பட்டினக் கரையில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. அதைத் திருத்துவதற்காகத் திருகோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 இல் கப்பலின் கப்டனையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் பலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நொக்ஸ் அப்போது பத்தொன்பது வயது இளைஞன். பிடிபட்ட இடத்தில் நின்ற புளியமரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று அழைத்தார்கள். 1893 இல் அங்கே ஒரு நினைவுக் கல்லும் வைக்கப்பட்டது.

மறு வருடமே தந்தை காய்ச்சலில் இறந்துபோனார். பக்கத்தில் உதவிக்கு ஆளில்லாத நிலையில் நோயாளியான மகனே அடக்கத்துக்கு ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. பின்பு நொக்ஸ் கிராமங்களில் தங்கவைக்கப்பட்டார். ஊரவர்கள் முறைவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். பிற்காலத்தில் தொப்பி பின்னி விற்றுத் தன் சீவியத்தைப் பார்த்துக்கொண்டார். பின்னல் வேலையில் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் எங்கள் சகோதரிகளுக்கு அந்த நிலைமை விளங்கும்.

ஒருநாள் அவருடைய வேலைக்காரப் பையனிடம் வயோதிபர் ஒருவர், "உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது தனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது என்றும் அதை விற்க விருப்பம் என்றும் சொன்னார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தது 1656 இல். அந்தப் புத்தகம் ஆங்கில வேதாகமம். கையிலிருந்த ஒரேயொரு பொற்காசைக் கொடுக்கவும் நொக்ஸ் ஆயத்தமாக இருந்தார். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு அது கைமாறியது. போர்த்துக்கேயரின் கொழும்பில் ஆங்கில வேதாகமம் எப்படி வந்தது? அந்தக் கண்ணி மட்டும் சங்கிலியில் இல்லை.

அரிப்பிலிருந்து லண்டனுக்கு

பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு வியாபாரி போல வடக்கு நோக்கி நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து, காட்டினூடாக மல்வத்து ஓயாவின் கரைவழியே வந்தார். எங்கள் பக்கத்தில் அருவியாறு என்று சொல்கிறோமே, அதே ஆறுதான். 1679 ஒக்டோபர் 18 ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னார், கொழும்பு, யாவா வழியாக 1680 இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

கப்பலில் வரும்போதே எழுதத் தொடங்கியவற்றை, ஒன்றுவிட்ட சகோதரரான ஜோன் ஸ்ட்ரைப்பும் விஞ்ஞானி றொபேட் ஹூக்கும் உதவிசெய்து ஒழுங்குபடுத்தினார்கள். 1681 இல் லண்டனில் றிச்சாட் சிஸ்வெல் அதை வெளியிட்டார். ஒரு மடிப்பு வரைபடமும் பதினைந்து செதுக்குப் படங்களும் அதில் இருந்தன. ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் சில வருடங்களில் வெளிவந்தது. டானியல் டிபோ 1720 இல் எழுதிய கதையொன்றில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்திருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பனியின் ஒப்புதலும் அந்தப் புத்தகத்தில் அச்சிடப்பட்டுள்ளது. நெல் விதைப்பும் கலியாணமும் பற்றி எழுதிய அதே புத்தகத்தில் மன்னனின் படை பற்றியும், பாதைகளை மறித்த முட்கதவுகள் பற்றியும் இருக்கிறது. பிற நாடுகளை நோக்கிக் கப்பல் அனுப்பும் கம்பனிக்கு இவையெல்லாம் வேண்டிய தகவல்கள். இன்னொன்றையும் மறைக்க முடியாது. கைதியாக இருந்து விடுதலை பெற்ற நொக்ஸ், பின்பு கம்பனியின் கப்பலுக்குக் கப்டனாகி, அடிமைகளை வாங்கி வர மடகஸ்காருக்குப் போனார். துன்பப்பட்டவர் எல்லோரும் மற்றவர் துன்பத்தை உணர்ந்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

கைமாறி வந்த வரலாறு

இன்று 1681 ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான பவுண்களுக்கு விலைபோகும். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது படங்கள் எல்லாம் இருக்கின்றனவா, வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்பதைத்தான். அடுத்ததாக, யாரிடம் இருந்தது என்று பார்ப்பார்கள். சில பிரதிகளில் நொக்ஸின் உருவப்படம் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் 1695 என்று ஆண்டு போட்டிருக்கிறது. பதினான்கு வருடம் முந்திய புத்தகத்தில் அது எப்படி வரும்? பின்னர் ஒருவர் வாங்கிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லாவற்றிலும் பெறுமதியானவை நொக்ஸே வைத்திருந்த தாள்கள். அச்சிட்ட புத்தகத்தின் இடையிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, விடுபட்டதையும் பிறகு நினைவுக்கு வந்ததையும் எழுதிக்கொண்டே இருந்தார். தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1720 இல் அவர் இறந்தார். ஒக்ஸ்போட்டில் உள்ள பொட்லியன் நூலகத்தில் இருந்த அந்த வாழ்க்கை வரலாறு 1911 இல் கிளாஸ்கோவில் அச்சாகியது. எழுதியவர் போய் ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்குப் பிறகு அவருடைய குரல் திரும்ப வந்தது. யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

எழுதப்படாத பெண்

இந்தக் கதையில் லூசியா என்று ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நொக்ஸோடு பிடிபட்ட ஆங்கிலேயர் ஒருவருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்தவள். நொக்ஸ் அவளை எடுத்து வளர்த்தார். தப்பிப் போனபின் எலதெத்தவில் இருந்த தன் வீட்டையும் தோட்டத்தையும் அவளுக்கே விட்டார். அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் நொக்ஸ் எழுதியவை. வளர்த்தவர் விட்டுப்போன நாளில் அவள் என்ன நினைத்தாள், அந்தக் காணி அவள் கையில் நிலைத்ததா என்று சொல்ல அவளுடைய தாள் எதுவும் எங்களிடம் இல்லை. நொக்ஸுக்கு முறைவைத்துச் சோறு சமைத்த பெண்களின் பெயர்களும் இல்லை.

எங்களுக்கு நடந்ததும் இதுதான். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அது உலகத்துக்குத் தெரியும். வீடுகளுக்குள் போனவற்றை யார் கணக்கெடுத்தார்கள்? எனது அம்மம்மா ஒரு பழைய புத்தகத்தின் பின்தாளில் பிள்ளைகள் எல்லோரும் பிறந்த திகதியையும் நட்சத்திரத்தையும் எழுதி வைத்திருந்தார். 1995 இடம்பெயர்வோடு அது போய்விட்டது. எனது பெரியம்மாவின் சரியான பிறந்த திகதி இன்றும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே சகோதரிகளே, நூறு பக்கக் கொப்பி ஒன்றை இன்றே எடுங்கள். உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பேரன் பேத்தி பெயர், பிறந்த ஊர், திகதிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த மாதம் எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தீர்கள், யார் இடம் தந்தார்கள், யாரை எங்கே கடைசியாகக் கண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். காணி உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். உறுதி தொலைந்தாலும் இவை இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பது இலகு. பிறப்பு, விவாகப் பதிவு இலக்கங்களையும் சேருங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் பழைய நூல்களோ சஞ்சிகைகளோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்படிகளாக்கிப் பாதுகாத்து வருகிறது.

எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்பதில்லை. எழுத முடியாத அம்மாமார் சொல்ல, பிள்ளைகள் எழுதலாம். முதற் பக்கத்தில் உங்கள் பெயரையும் இன்றைய திகதியையும் மறக்காமல் போடுங்கள். உங்கள் பேத்தியின் கைக்கு அது போகும்போது சங்கிலியின் முதற் கண்ணி அதுவாகத்தான் இருக்கும்.